ஆமைப்பாறை முதுகு தெரியாத நாள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடி மாசம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். வண்டிப்பெரியாரிலிருந்து ஸ்கூட்டரில் முக்கால் மணி நேரம் போனால் ஒரு தேயிலை எஸ்டேட்டின் அடிப்பக்கம் வரும். அங்கே ஓடுகிற ஆற்றின் மேல் ஒரு சப்பாத்து இருக்கிறது. சப்பாத்து என்றால் ஆற்று மட்டத்துக்கே கட்டின தாழ்ந்த பாலம். கீழே நாலைந்து குழாய், மேலே கான்கிரீட், அவ்வளவுதான். கைப்பிடிச் சுவர் கிடையாது. ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கற்கள் மட்டும் நட்டு வைத்திருப்பார்கள். அந்த இடத்தில்தான் இது நடந்தது.

நான் பார்சல் டெலிவரி வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் கொழுந்து கிள்ளப் போவார்கள், ஃபேக்டரிக்குப் போவார்கள், டூரிஸ்ட் வந்து தங்கும் இடங்களில் வேலைக்குப் போவார்கள். இந்த வேலைக்கு வருவது குறைவு. எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும், மலை ரோட்டில் பயம் இல்லை, அதனால் சேர்ந்துவிட்டேன்.

இதில் பெரிய தலைவலி அட்ரஸ்தான். பார்சல் மேல் எஸ்டேட் பெயரும் லயத்து நம்பரும் மட்டும் இருக்கும். தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயங்கள் ஒரே எஸ்டேட்டில் ஏழெட்டு இடத்தில் சிதறிக் கிடக்கும். போன் செய்தால், "சப்பாத்துக்கு இந்தப் பக்கம் அயினி மரம் நிக்கும், அதை ஒட்டி மேல ஏறுங்க" என்பார்கள். இல்லாவிட்டால், "குருசடி வளைவுல நின்னு கூப்பிடுங்க, நான் வாரேன்" என்பார்கள். குருசடி என்பது ரோட்டோரம் சிலுவை வைத்து, மெழுகுவத்தி ஏற்றிக் கும்பிடுகிற சின்ன இடம்.

இதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாமல், போனில் இருக்கிற மேப்பில் ஒவ்வொன்றாகக் குறித்துவைக்க ஆரம்பித்தேன். முதலில் எனக்காகத்தான். பிறகு அதுவே ஒரு ஆசையாகிவிட்டது. நான் போட்ட போட்டோவை இத்தனை பேர் பார்த்தார்கள் என்று போனில் செய்தி வரும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவள் நான். என் ஊருக்கு நான்தான் வழி காட்டுகிறேன் என்று நினைக்கும்போது தலை கொஞ்சம் நிமிரும்.

அந்தச் சப்பாத்தையும் நான்தான் மேப்பில் ஏற்றினேன். அதற்கு முந்தின மாசியில், நல்ல வெயில் நாளில் எடுத்த போட்டோ. குழாய்க்குள் கணுக்கால் அளவுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடுகிறது. இரண்டு பக்கமும் பச்சைத் தேயிலை. பார்த்தால் யாருக்கும் அந்த வழியாகப் போகலாம் என்று தோன்றும்.

நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். சப்பாத்துக்குப் பக்கத்தில், அயினி மரத்துக்கு மேலேதான் அவர் வீடு. மூன்று மாடு வைத்து, காலையும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். அந்த லயத்துக்குப் பார்சல் கொண்டுபோகும்போது பார்த்துச் சிரித்துக்கொள்கிற அளவுக்குப் பழக்கம்.

"எதுக்குப் புள்ள போட்டோ?" என்று கேட்டார். சொன்னேன்.

"அப்போ மழைக்காலத்துல வழி இல்லன்னும் சேத்துப் போட்டுரு. அந்தா தெரியுதுல்ல ஆமைப்பாறை, அது முதுகு தண்ணிக்கு மேல தெரிஞ்சாத்தான் நாங்களே கால் வைப்போம்."

சப்பாத்துக்குக் கொஞ்சம் கீழே, ஆற்று நடுவில் ஒரு பெரிய பாறை, ஆமை படுத்திருக்கிற மாதிரியே. சரிக்கா என்று சொல்லிவிட்டு அதையும் ஒரு போட்டோ எடுத்தேன்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவர் சொன்னதை நான் மறந்துபோய்விடவில்லை. வழி இல்லை என்று எழுதினால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு நினைப்பு. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன். ஆமைப்பாறைக்குக் கீழே, 'போட்டோ எடுக்க அழகான இடம்' என்று எழுதினேன்.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். இரண்டு நாளாக விடாத மழை, அன்றைக்கு மத்தியானம் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. ஆனால் மேல்மலை கறுத்துக் கிடந்தது. எனக்குச் சப்பாத்தைத் தாண்டுகிற வேலை இல்லை. இந்தப் பக்கத்து லயத்தில் ஒரு பார்சல் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். குருசடி வளைவைத் தாண்டி இறங்கும்போதே கார் ஹாரன் சத்தம் கேட்டது. விட்டு விட்டு இல்லை, கையை எடுக்காமல் அழுத்துகிற சத்தம்.

கீழே வந்து பார்த்தேன். சப்பாத்து இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் உருண்டு போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு வெள்ளைக் கார். அந்தப் பக்கத்திலிருந்து முக்கால் தூரம் வந்து நின்றுவிட்டது. கதவில் பாதி வரைக்கும் தண்ணீர். கார் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, பின்சக்கரம் நட்டு வைத்த கல் ஒன்றில் முட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கல் மட்டும்தான் அதைப் பிடித்துவைத்திருந்தது.

பால்கார அக்கா அதற்குள் கரையில் நின்றார். தொழுவத்தில் கிடந்த மாட்டுக்கயிறுகளையும் புல்லுக்கட்டு கட்டுகிற தடிக் கயிற்றையும் ஒன்றோடு ஒன்று முடிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு முனையைத் தூக்கிப் போட்டார்.

"மரத்துல ரெண்டு சுத்து சுத்திக் கட்டு. இறுக்கிக் கட்டு புள்ள. ஆளுக எல்லாம் மேல மேக்காட்டுத் தேயிலைக்கு வேலைக்குப் போயிட்டாக. கூப்பிட்டு வர நேரமில்ல."

கட்டினேன். அவர் மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு, காரைப் பார்த்துக் கத்தினார். "கதவைத் தொறக்காதீக! கண்ணாடியை இறக்குங்க! தண்ணி போற பக்கத்துக் கண்ணாடி!"

உள்ளே இருந்தவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். கண்ணாடி இறங்கியது. அப்போதுதான் பார்த்தேன். முன்சீட்டில் ஒரு பெண், அவள் மடியில் மூன்று வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை. குழந்தை அழவே இல்லை.

அக்கா தண்ணீருக்குள் இறங்கினார். காலைத் தூக்கி வைக்காமல், தரையைத் தேய்த்துத் தேய்த்து நகர்த்தினார். கல் இருக்கிற இடம் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு கல்லாகக் காலால் தடவி, அதில் ஊன்றிக்கொண்டு போனார். நான் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். தொடை அளவு தண்ணீரில் காரை எட்டிப் பிடித்தார். குழந்தையை ஜன்னல் வழியாக வாங்கி முதுகில் போட்டு, தாயின் சால்வையால் தன்னோடு சேர்த்துக் கட்டினார். திரும்பி இரண்டடி வைத்ததும் தடுமாறி ஒரு முழங்கால் மடிந்தது.

"உள்ள வா! பாதி தூரம் வா!" என்றார்.

எனக்கு நீச்சல் தெரியாது. அன்றைக்கு ஒரு நிமிஷம் நான் அசையாமல் நின்றேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிறகு ரெயின்கோட்டைக் கழற்றிப் போட்டேன். கயிற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் அடிக்கிற அடியில் கால் என்னுடையதாகவே இல்லை. அவர் கை எட்டியதும் பிடித்து இழுத்தேன். சால்வை முடிச்சை அவிழ்த்து, குழந்தையைத் தூக்கி என் தோளில் போட்டேன். அதன் பிஞ்சுக் கை என் கழுத்தைப் பிடித்த பிடி இன்னும் இருக்கிறது. கரையில் மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, மறுபடியும் போனேன். இரண்டாவது தடவை பயம் இருந்தது, ஆனால் நிற்கவில்லை.

அடுத்து அந்தப் பெண். அவள் தோளில் பையோடு ஜன்னல் வழியாக இறங்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்தாள். கடைசியில் காரை ஓட்டிவந்த அவள் கணவர். அவர் கரையில் கால் வைத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. தண்ணீர் இன்னும் ஒரு முழம் ஏறியது. பின்சக்கரத்தைப் பிடித்திருந்த கல் பெயர்ந்தது. கார் மெதுவாக, யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போகிற மாதிரி திரும்பியது. பிறகு கவிழ்ந்து, கீழே போய், பாறை முங்கிக் கிடந்த இடத்தில் மோதி நின்றது. அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் குழந்தை அழ ஆரம்பித்தது. அதைக் கட்டிக்கொண்டு தாயும் அழுதாள்.

அக்கா வீட்டுக்குப் போனோம். அடுப்பைப் பெரிதாக மூட்டினார். தன் நைட்டி ஒன்றை அந்தப் பெண்ணுக்கும், அவர் வீட்டுக்காரருடைய கைலியை அவள் கணவருக்கும் கொடுத்தார். குழந்தைக்குப் பால் காய்ச்சினார். எங்களுக்குப் பால் சேர்க்காத கட்டன் சாயா. டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் குடித்தோம்.

தேனிப் பக்கத்துக்காரர்கள். இங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்திருக்கிறார்கள். மெயின் ரோட்டில் மரம் விழுந்து வண்டிகள் நின்றுவிட, போன் இந்த வழியைக் காட்டியிருக்கிறது.

அந்தப் பெண் தன் பையிலிருந்து போனை எடுத்தாள். "மேப்புல பாலம்னுதான்க்கா போட்டிருந்துச்சு. போட்டோகூட இருந்துச்சு. டவர் போயிருமேன்னு அதைச் சேத்து வச்சேன். இந்தா பாருங்க, எப்படி இருக்குன்னு."

போனை அக்காவிடம் நீட்டினாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நான் எடுத்த போட்டோ. மாசி மாச வெயில், கணுக்கால் தண்ணீர். ஓரத்தில், ஒரு கொம்பு ஒடிந்த செவலைப் பசு.

அது அக்காவின் பசு. அவர் படத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "விறகு பத்தாது, ஒரு கை வா" என்று என்னை வெளியே கூப்பிட்டார்.

தொழுவத்துப் பக்கம் நின்று அவர் சொன்னது இவ்வளவுதான். "நான் வாயைத் தொறக்க மாட்டேன். பிள்ள உசுரோட இருக்கு, எனக்கு அது போதும். நீ சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்."

விறகை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அவர் திட்டியிருந்தால், நான் அன்னைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். எல்லோரும் போடுகிறார்கள், நானும் போட்டேன் என்று சொல்லியிருப்பேன். அவர் அதை என் கையிலேயே விட்டுவிட்டுப் போனதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஸ்கூட்டர் பக்கத்தில்தான் நின்றது. ஏறிப் போனால் யாருக்கும் தெரியாது. தொழுவத்தில் அந்தச் செவலைப் பசு அசை போட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

உள்ளே போய், நின்றுகொண்டே சொன்னேன். "அந்தப் போட்டோ நான் போட்டதுங்க. மழைக்காலத்துல வழி இல்லன்னு போடச் சொல்லி இந்த அக்கா அப்பவே சொன்னாங்க. நான்தான் போடல."

கணவர் சடாரென்று எழுந்தார். "விளையாட்டாப் போச்சா உங்களுக்கு? என் பிள்ளை அந்தத் தண்ணியில..." வெளியே போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பெண் குழந்தையை மடியில் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள். "நீங்க தண்ணிக்குள்ள இறங்குனீங்களே, அப்போ தெரியுமா, அது நீங்க போட்டதுன்னு?"

"தெரியாதுங்க."

"தப்பு பண்ணிட்டோமேன்னு வரல. நாங்க மாட்டிக்கிட்டோம்னுதான் வந்திருக்கீங்க." அவள் என் கையைப் பிடித்தாள். "உக்காருங்கக்கா. சாயாவைக் குடிங்க, ஆறிப்போச்சு."

நான் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு முதல் தடவையாக.

கொஞ்ச நேரத்தில் கணவர் வாசலில் வந்து நின்றார். "டவர் எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். மேலே குருசடி வளைவில் என்றேன். "வாங்க. இப்பவே அதை எடுங்க."

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அக்கா ஒரு குடை கொடுத்தார். இரண்டு பேரும் ஏறினோம். குருசடிக்குப் பக்கத்தில் டவர் வந்தது. நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் குடையை என் போன் மேல் நனையாமல் பிடித்தார். காரை ஆறு கொண்டுபோய் ஒரு மணி நேரம்கூட ஆகாத மனிதர், சொந்த முதுகு நனைய நனைய, என் போனுக்குக் குடை பிடித்தார். முதலில் போட்டோவை மேப்பிலிருந்து நீக்கினேன். அந்த வழியில் வண்டி போகாது என்று மேப் கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். எச்சரிக்கை எழுதும்போது அவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஆபத்துங்கிற வார்த்தையை முதல்ல போடுங்க. கீழ போட்டா யாரும் படிக்க மாட்டாங்க."

மாற்றினேன். திரும்பி இறங்கும்போது அவராகவே பேசினார். "தண்ணி கலங்கலாப் போறதை நானும் பாத்தேங்க. வேண்டாம், திரும்பிருவோம்னு அவ சொன்னா. போட்டோவுல கணுக்கால் தண்ணிதானேன்னு நான்தான் வண்டியை ஏத்துனேன். அவகிட்ட நான் இன்னும் மன்னிப்புக் கேக்கல."

கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் வீட்டுக்குப் போனபோது மேக்காட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் ஜீப் கொண்டுவந்தார். மூன்று பேரையும் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். ஜீப் கிளம்பும்போது குழந்தை என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது. நான் ஆட்டினேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை. அன்றைக்குக் கொடுக்க வேண்டிய பார்சல் ஸ்கூட்டரிலேயே நனைந்து கிடந்தது. மறுநாள் கொண்டுபோய், நடந்ததைச் சொல்லிக் கொடுத்தேன். குறை சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் பெயிண்ட் டப்பாவோடு அக்கா வீட்டுக்குப் போனேன். அவருக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல நான் இரண்டு பலகையில் எழுதினேன், தமிழிலும் மலையாளத்திலும். ஆளுக்கு ஒரு கரையில் அடித்தோம். பஞ்சாயத்து மெம்பர் வந்து பார்த்துவிட்டு, மழைக்காலத்தில் குறுக்கே கட்ட ஒரு சங்கிலியும் போட்டுக்கொடுத்தார்.

அப்போதுதான் அக்காவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். இத்தனை வருஷம் நான் அட்ரஸுக்கு அடையாளமாகவே பார்த்த இடங்கள் எல்லாம் வேறு எதற்கோ இருந்திருக்கின்றன. அயினி மரத்தடி, தண்ணீர் வடிகிற வரைக்கும் காத்திருக்கிறவர்கள் உட்காருகிற இடம். குருசடியில் தொங்குகிற மணி கும்பிடுவதற்கு மட்டும் இல்லை. மேல்மலையில் திடீரென்று வெள்ளம் வந்தால், ஆற்றில் துணி துவைக்கிறவர்கள் ஏறிக்கொள்ளட்டும் என்று யாராவது ஓடிப்போய் அதை அடிப்பார்கள். ஆமைப்பாறை எதற்கென்று அக்கா எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். நான்தான் அதை அழகான இடம் என்று எழுதினேன். எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன். அதைப் பார்க்கிறவர்கள் இப்போது குறைவு. பரவாயில்லை.

அந்தக் குடும்பம் போன வருஷம் மாசியில் மெயின் ரோடு வழியாகவே வந்தது. அக்காவுக்கு ஒரு சேலை, எனக்கு ஒரு சேலை. குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போகிறாளாம். எங்கள் யாரையும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. என்னை வெறிக்க வெறிக்கப் பார்த்துவிட்டு அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அந்தத் தண்ணீர் அவள் மனசில் தங்கவில்லை.

என் மனசில் தங்கிவிட்டது. அது தங்கட்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். நாம் சொன்னதை நம்பி முன்பின் தெரியாத ஒருவர் காலெடுத்து வைக்கிறார் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. அதைத் தெரியவைத்த அந்த மூன்று பேரும் பால்கார அக்காவும் என்னைத் தண்டித்திருக்கலாம். அதற்குப் பதிலாக என்னைத் திருத்திக்கொள்ள விட்டார்கள். இன்றைக்கும் யாராவது ஸ்கூட்டரை நிறுத்தி வழி கேட்டால், இன்ஜினை அணைத்துவிட்டு, அவர்கள் எதில் போகிறார்கள், கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்ட பிறகுதான் கை காட்டுகிறேன்.